ஆர்வீவ்: ஆஃப்செட் என்பது தொடக்கமா, முடிவா?

பனங்காட்டு நரி:
"ஆஃப்செட் என்றால் கோப்பு தொடங்கும் இடம், அங்கிருந்து துண்டுக்கு 256 கேபி கூட்டிக்கொண்டே போனால் போதும்" என்று நேற்று ஒருவர் இங்கே வகுப்பெடுத்திருக்கிறார். எங்கிருந்துதான் வருகிறார்களோ! தரவை நிரந்தரமாகச் சேமிக்கும் பிளாக்செயினான ஆர்வீவில் ஒரு பரிவர்த்தனையின், அதாவது ஏற்றிய ஒரு தரவின், ஆஃப்செட்டைக் கேட்டால் வருவது அதன் கடைசி பைட் இருக்கும் இடம். தொடக்கம் வேண்டுமானால் அதில் சைஸைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள்.

தூங்காநகரம்:
அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 15 வருஷமாக சி மொழியில் நிரல் எழுதுகிறேன். கோப்பில் படிக்கும் இடத்துக்குத் தாவ உதவும் எஃப்சீக் காலத்திலிருந்தே ஆஃப்செட்டை வைத்துத்தான் படிக்கத் தொடங்குவோம்.

பனங்காட்டு நரி:
எஃப்சீக் ஒரு கோப்புக்குள் நடக்கிற விஷயம் ஐயா. இது ஊரார் தரவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் ஒரே நீள வரிசை. கணக்கே போடுகிறேன். ஆஃப்செட் 10,00,000, சைஸ் 6,00,000. தொடக்கம் 4,00,001. அங்கே கேட்டால் 2,62,144 பைட், அதாவது 256 கேபி முதல் துண்டு வரும். அடுத்தது 6,62,145. கடைசியாக 9,24,289, அதில் மிச்சம் 75,712. நீங்கள் 10,00,000த்தில் தொடங்கினால் முதலில் வருவதே வால். அதற்கப்புறம் வருவது பக்கத்து வீட்டுக்காரர் தரவு.

ரெண்டாம் ஷிஃப்ட்:
எனக்கு ஆஃப்செட் என்றாலே சிவகாசி காலண்டர்தான். தமிழில் 'பெயர்வு' என்று எழுதலாமே?

தூங்காநகரம்:
நடுவில் நீங்கள் வேறா! நரி, துண்டு கேட்கும்போது கொடுக்கிற எண்ணுக்கும் ஆஃப்செட் என்றுதானே பெயர்? துண்டுக்குள் எந்த பைட்டைச் சொன்னாலும் அதே முழுத் துண்டுதான் வருகிறது. பிறகு தொடக்கம் என்ன, முடிவு என்ன?

பனங்காட்டு நரி:
எந்தத் துண்டு என்பதுதான் வழக்கே! கடைசி பைட். கழி, ஒன்றைக் கூட்டு. கண்ணை மூடிக்கொண்டு 256 கேபி கூட்டுவதும் தப்பு. கடைசியில் மிஞ்சுவது 32 கேபிக்கும் குறைவென்றால் கடைசி இரண்டு துண்டுகளையும் சமமாகப் பிரித்துவிடுவார்கள். வந்த துண்டின் நீளத்தைப் பார்த்துத்தான் நகர வேண்டும்.

தூங்காநகரம்:
ஐபிஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பில் ஹாஷை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, கொடுத்தால் போதும், இந்தக் கழித்தல் தலைவலியே இல்லை என்று போன மாதம் சொன்னேன். அந்தக் காய்ச்சல் உங்களுக்கு இன்னும் இறங்கவில்லை.

பனங்காட்டு நரி:
இங்கேயும் துண்டோடு மெர்க்கல் சான்று, அதாவது அந்தத் துண்டு எந்தத் தரவைச் சேர்ந்தது என்று ஹாஷ்களால் காட்டும் சான்று, வருகிறது. அதைச் சரிபார்த்திருந்தால் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்திருக்க மாட்டீர்கள்.

ரெண்டாம் ஷிஃப்ட்:
'பெயர்வு' பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

தூங்காநகரம்:
என் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. நேற்றுகூட ஒரு படம் இறக்கினேன், முழுசாக வந்தது.

பனங்காட்டு நரி:
எத்தனை கேபி?

தூங்காநகரம்:
180.

பனங்காட்டு நரி:
அப்படிப் போடுங்கள்! முழுப்படமும் ஒரே துண்டு. வாலைப் பிடித்து இழுத்தாலும் முழு மாடும் வரும். 2 எம்பி படம் ஒன்றை இறக்கிக் காட்டுங்கள், பார்க்கிறேன்.

தூங்காநகரம்:
ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன். அதுவரை ஆஃப்செட் என்றால் தொடக்கம்தான்.

பனங்காட்டு நரி:
கடைசி பைட்.