1954 செவர்லேயின் ராசெஸ்டர் கார்புரேட்டருக்கு எந்த ஜெட்?

நண்பர்களுக்கு வணக்கம். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டின் 1954 செவர்லேயில் 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினும் ராசெஸ்டர் பி கார்புரேட்டரும் இருக்கின்றன. மெயின் ஜெட்டின், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகின், எண் 56; எண் கூடினால் துளை பெரிது. ஐடிலில் சீராக ஓடும் வண்டி, சென்ற கோடையிலிருந்து, காரைக்குடிச் சாலையில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் கார்புரேட்டர் வழியே திருப்பி அடிக்கிறது. பெட்ரோல் போதாததன் அடையாளமாகப் பிளக் முனைகள் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கின்றன.

ஃபுளோட் மட்டம், டைமிங், மேனிஃபோல்டு கேஸ்கெட் ஆகியவற்றைச் சரிபார்த்து, வளைந்திருந்த கார்புரேட்டர் மேல்மூடியையும் கண்ணாடிமேல் தேய்த்துச் சமன்செய்தாயிற்று. வேகம் கூட்டும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் பிஸ்டனும் சிக்காமல் ஏறி இறங்குகிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும்; ஆகவே எத்தனால் 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ஜெட் போதவில்லை என்றே கருதுகிறேன். பழைய ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்கச் சொல்கிறார் மெக்கானிக். ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில் அளந்த துளையைக் கைத்துரப்பணத்திடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

இதே கார்புரேட்டரை இந்தப் பெட்ரோலில் ஓட்டுவோர், 58, 60 ஆகியவற்றில் எந்த ஜெட்டைப் பொருத்தியிருக்கிறீர்கள்?