புதுப்பிப்பு: அடுக்குகளைக் கூட்டினாலே ஸ்கிர்மியான் நிலைத்துவிடுமா?

இரிடியம், கோபால்ட், பிளாட்டினம் ஆகிய மூன்றையும் திரும்பத் திரும்ப அடுக்கினாலே காந்த ஸ்கிர்மியான்கள் (காந்தப் பொருளுக்குள் எழும் நானோ அளவுச் சுழல் வடிவக் காந்த அமைப்புகள்) நிலைத்துவிடும் என்ற தொனியில் என் முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது பாதி உண்மைதான்.

கோபால்ட்டின் இருபுறமும் வெவ்வேறு கன உலோகங்கள் இருப்பதால், இரு இடைமுகங்களிலும் எழும் சியாலோஷின்ஸ்கி-மோரியா இடைவினை (அண்டை அணுக்களின் காந்தத் திசைகளை ஒரு குறிப்பிட்ட சுழற்சித் திசையில் முறுக்கும் இடைவினை) ஒன்றையொன்று அழிக்காமல் கூடுகிறது என்பது சரியே. 0.6 நானோமீட்டர் தடிமனுள்ள கோபால்ட்டைப் பத்து முறை அடுக்கிய படலத்தில், 100 நானோமீட்டருக்கும் சிறிய ஸ்கிர்மியான்கள் அறை வெப்பநிலையிலேயே நிலைப்பதை 2016-இல் இயற்பியலாளர் ஆல்பெர் ஃபெர்ட் இடம்பெற்ற குழு காட்டியது. (2009-இல் மாங்கனீசு சிலிசைடில் அவை கண்டறியப்பட்டபோது ஏறத்தாழ 29 கெல்வின் குளிர் தேவைப்பட்டது.)

நான் கணக்கில் எடுக்கத் தவறியது இருமுனைப் புலத்தை, அதாவது காந்த அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் காந்தப்புலத்தை. அடுக்குகள் பெருகும்போது காந்தப் பருமன் கூடி வெப்ப அதிர்வைத் தாங்கும் வலிமை வளர்கிறது என்றாலும், அதே புலம் மேலடுக்கிலும் கீழடுக்கிலும் ஸ்கிர்மியான் சுவரின் (உள்ளும் புறமும் உள்ள எதிரெதிர்க் காந்தத் திசைகளுக்கு இடைப்பட்ட எல்லையின்) சுழற்சித் திசையை எதிரெதிராகத் திருப்ப முயல்கிறது. இடைமுக இடைவினை அதை வெல்லாவிட்டால், ஒரே ஸ்கிர்மியானின் கைத்தன்மை (அந்தச் சுழற்சித் திசை) ஆழத்துக்கு ஆழம் மாறிவிடும். அப்போது ஸ்கிர்மியானை நகர்த்தச் செலுத்தும் மின்னோட்டம் வெவ்வேறு அடுக்குகளில் தரும் உந்துதல்கள் ஒன்றையொன்று ஓரளவு ரத்து செய்கின்றன. ஆகவே அடுக்குகளின் எண்ணிக்கையை இடைவினையின் வலிமையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.