பானைச் சூளையில் கண்ணாடி உருக்குபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பானை சுடும் பழைய மின்சூளை ஒன்று வாங்கி, கடையில் மிஞ்சும் ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி உருக்கிப் பார்க்கிறேன். 830 டிகிரியில் அழகாக ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் கையில் எடுத்தால் 'டிக்' என்று நடுவில் ஒரு கோடு!

ஆறவிடுவதில்தான் கோளாறு. 550 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரமாவது நிறுத்தி, பிறகு மெல்ல இறக்க வேண்டும். என்னிடம் இருப்பதோ வெறும் ஆன்-ஆஃப் குமிழ். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திருகுவது ஆகிற காரியமா? வீட்டில் வேறு திட்டு.

படிப்படியாக ஏற்றி இறக்கும் கன்ட்ரோலரும் கே-டைப் தெர்மோகப்பிளும் (சூட்டை அளக்கும் கம்பி உணரி) இப்படிச் சூளையில் பொருத்தியவர்கள் உண்டா? கம்பிச் சுருள் பக்கவாட்டில் மட்டும் இருப்பதால் அகலத் துண்டு வைத்தால் ஓரம் முந்திச் சூடாகிவிடுகிறது. மூடியிலும் சுருள் போட்டுத் தருபவர் கோவைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். கண்ணாடி ஒட்டாமலிருக்கச் சூளைத் தட்டில் பூச கயோலின் (வெள்ளைக் களிமண்), அலுமினாப் பொடி கிலோக் கணக்கில் எங்கே கிடைக்கும்?