அம்மாவின் கடைவாய்ப் பல்: ரூட் கேனாலா, பிடுங்குவதா?

எல்லோருக்கும் வணக்கம். அறந்தாங்கியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 61, பத்து வருடமாகச் சுகர். கீழ்த்தாடை இடதுபக்கக் கடைவாய்ப் பல்லில் மூன்று வாரமாக வலி. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறார்; ராத்திரி படுத்தால் விண் விண்ணென்று தெறிக்கிறது. நேற்று இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், அடுப்படியில் உட்கார்ந்து பல்லில் கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மனசு தாங்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்தாச்சு. சொத்தை நரம்புவரை போய்விட்டது, வேர் நுனியில் கொஞ்சம் சீழ். முதலில் பார்த்த டாக்டர், வேர் உறுதியாக இருக்கிறது, ரூட் கேனால் செய்து கேப் போட்டால் பல் நிற்கும் என்கிறார். மூன்று நான்கு தடவை போகணும். கேப்போடு 9,000 ரூபாய். இன்னொரு டாக்டர், ஈறுக்கு மேல் பல் அதிகம் மிச்சமில்லை, எடுத்துவிடுவதே மேல் என்கிறார்.

எடுத்தால் பக்கத்துப் பல் சாயும், மேல்பல் இறங்கும் என்பது தெரியும். அதைவிடப் பெரிய கவலை, வலதுபக்கம் ஏற்கெனவே இரண்டு பல் இல்லை. இடதுபக்கம்தான் அம்மா மெல்லுவதே. எப்படியாவது காப்பாற்றணும் என்றுதான் எனக்கு. அம்மாவோ, "பிடுங்கிப் போட்டுரலாம் தம்பி, எதுக்கு வீண் செலவு" என்கிறார்.

சுகரோடு ரூட் கேனால் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: சுகர் எவ்வளவு இருந்தபோது செய்தார்கள்? பல் எத்தனை வருடம் தாங்கியது? புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் யாராவது செய்திருக்கிறீர்களா, எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கும்? திங்கட்கிழமை டாக்டரிடம் முடிவு சொல்லணும்.