தோள்வார் சேரும் இடத்தில் மட்டும் தையல் விடுகிறது, அடியில் நூல் சிக்கு – உதவுங்கள்

கித்தான்பை:
வணக்கம். சட்டை, தலையணை உறை எல்லாம் தைத்துப் பழகியவள்தான், பை இதுதான் முதல் முறை. முதுகில் மாட்டும் பை. வெளியே 1000 டெனியர் (இழையின் தடிமன் அளவு) கார்டுரா என்ற முரட்டு நைலான் துணி, உள்ளே மெல்லிய நைலான், வாருக்கு 25 மி.மீ. நாடா. மெஷின் சாதாரண வீட்டு மெஷின். பக்கத் தையல், ஜிப் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது, தோள்வாரை மேல் விளிம்பில் சேர்க்கப் போனதும் ஆரம்பித்தது ரோதனை. மடிப்புகள் சேர்ந்து தடித்த அந்த மேட்டில் ஏறும்போது நாலு தையல் விழும், அடுத்த மூன்று விழவே விழாது, மேல் நூல் துணிமேல் நீளமாகக் கிடக்கும். ஒரு கட்டத்தில் நூலும் அறுந்தது. மறுபடி கோர்த்துத் தைத்தால் அடியில் குருவிக்கூடு! டென்ஷனை, அதாவது மேல் நூலின் இறுக்கத்தை, 4-லிருந்து ஏற்றிக்கொண்டே போய் இப்போது 9-இல் நிற்கிறது, ஒரு மாற்றமும் இல்லை. ஊசி 14-ஆம் நம்பர். மூன்று முறை பிரித்தாகிவிட்டது, இன்னொரு முறை பிரித்தால் துணி சல்லடைதான். பெரிய மெஷின் இல்லாமல் இது ஆகவே ஆகாதா?

பழையபாபின்:
முதலில் அந்தத் திருகைத் திரும்ப 4-க்குக் கொண்டுவாருங்கள், பாவம் அது என்ன செய்யும். ஒரு கேள்வி: நூல் அறுந்ததும் மறுபடி கோர்த்தீர்களே, அப்போது பை நகரக் கூடாது என்று மெஷினின் காலை (துணியை அழுத்திப் பிடிக்குமே, அது) இறக்கியபடியே வைத்துக் கோர்த்தீர்களா?

கித்தான்பை:
ஆமாம்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அத்தனை மடிப்பையும் நேராக நிறுத்தவே கால் மணி நேரம் ஆனது, தூக்க மனசு வரவில்லை.

பழையபாபின்:
குருவிக்கூடு அங்கேதான் கட்டியிருக்கிறது. கால் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் நடுவே போய் உட்காராமல் வெளியே தவழும். அப்புறம் எண்ணை 9-இல் வைத்தாலும் 1-இல் வைத்தாலும் ஒன்றுதான். அடியில் சிக்கினால் எல்லோரும் பாபினை, அதாவது அடி நூல் உருளையை, திட்டுவார்கள், குற்றவாளி பெரும்பாலும் மேல் நூல். காலைத் தூக்கிக் கோர்த்து, பிறகு இறக்கி, ஊசிப் பக்கம் நூலை இழுத்துப் பாருங்கள்: பிடித்துக்கொண்டு வர வேண்டும். தூக்கினால் லேசாக வர வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் நூல் இன்னும் வெளியேதான் இருக்கிறது.

மேடுபள்ளம்:
அது சிக்குக்குச் சரி அண்ணா, தையல் விடுவதற்குக் காரணம் வேறு. அக்கா, மேட்டில் ஏறும்போது கால் பின்பக்கம் சாய்ந்து மூக்கு வானம் பார்க்குமே, கவனித்தீர்களா? அப்போது அது துணியை அழுத்துவதில்லை. ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பும், ஊசிக்குப் பின்னால் விழ வேண்டிய நூல் வளையம் விழாது, அந்த வளையத்தைப் பிடிக்க வரும் அடிக் கொக்கி வெறுங்கையோடு போய்விடும். அட்டையையோ நாலாக மடித்த துணியையோ மேட்டின் உயரத்துக்குக் காலின் பின்பாதிக்கு அடியில் கொடுங்கள், கால் சமமாக நிற்கும். மேட்டைக் கை சக்கரத்தைச் சுற்றியே கடந்துவிடுங்கள், மோட்டாரை மிதிக்காதீர்கள். ஊசி 18-ஆம் நம்பர், ஜீன்ஸ் ஊசி. தையல் நீளம் 3.5 மி.மீ. இருக்கட்டும், பொடியாகத் தைத்தால் தபால்தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். ஆமாம், நூல் என்ன நூல்?

கித்தான்பை:
சட்டைக்கு வாங்கிய பருத்தி நூல்…

மேடுபள்ளம்:
பாலியஸ்டர் போடுங்கள். பருத்தி நனைந்து நனைந்து இற்றுப்போகும், பைக்கு ஆகாது.

இரும்புக்கால்:
வீட்டு மெஷினில் 1000 டெனியர் என்பதே வீண் வேலை. தொழிற்சாலை மெஷின் ஒன்று பழையதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

பழையபாபின்:
முதல் பைக்கே மெஷின் வாங்கச் சொன்னால் எப்படி! அடுத்த பைக்கு 500 டெனியர் எடுக்கலாம், தினப்படிப் பைக்கு அது தாராளம்.

நாடாக்காரி:
மேட்டையே குறைக்கலாமே. அந்த இடத்தில் எத்தனை மடிப்பு என்று எண்ணிப் பாருங்கள்: கார்டுரா நாலு, உள்துணி இரண்டு, நாடா ஒன்று, ஓரப்பட்டி வேறு. நான் வாரை விளிம்பில் சொருகுவதே இல்லை. முதுகுப் பலகை (பையில் முதுகுப் பக்கத் துணி) தனித் துண்டாக இருக்கும்போதே நாடாவை அதன்மேல் வைத்துச் சதுரம் அடித்து, உள்ளே குறுக்காகப் பெருக்கல் குறி போட்டுவிடுவேன். பாரம் ஒரே தையலில் தொங்காது, விளிம்பும் தட்டையாக இருக்கும். நாடா நைலான் என்றால் நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள், பிரியாது. பழைய ஓட்டைகள் மூடாது, அதனால் புதுத் தையலை 4 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள், ஓட்டையெல்லாம் மடிப்புக்குள் போய்விடும். பை அந்த அளவு சுருங்கும், யாருக்குத் தெரியப் போகிறது.

கித்தான்பை:
முடிந்தது! காலைத் தூக்கிக் கோர்த்ததும் குருவிக்கூடு காணாமல் போனது. 18-ஆம் நம்பர் ஊசி போட்டும் மேட்டில் ஒன்றிரண்டு விட்டது, அட்டை கொடுத்ததும் அதுவும் நின்றது. மேல் விளிம்பு மொத்தத்தையும் பிரித்து, வாரை நாடாக்காரி அக்கா சொன்னபடி முதுகுப் பலகையிலேயே அடித்தேன். பெருக்கல் குறி ஒரு பக்கம் கோணல், பையை முதுகில் மாட்டினால் அது தெரியாது. இப்போது உள்ளே எட்டு கிலோ புத்தகம் போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன், காலையில் பார்த்துச் சொல்கிறேன்.

பழையபாபின்:
கொக்கி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.