தேக்குப் புழு இறங்கும் காலம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஆரியங்காவுக்காரன்:

செங்கோட்டையிலிருந்து கணவாய் வழியாக ஆரியங்காவு, தென்மலை என்று போகிறவர்கள் மே, ஜூன் மாதங்களில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மழை விழுந்து காடெல்லாம் பச்சை பிடித்திருக்கும்போது தேக்கு மட்டும் ஏன் மொட்டையாக நிற்கிறது? மரம் பட்டுவிட்டது என்று பஸ்ஸில் யாராவது தீர்ப்பே சொல்லிவிடுவார்கள். பட்டதெல்லாம் இல்லை. இலையைத் தின்னும் தேக்குப் புழு வந்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேக்குத் தோட்டம். கோடை மழை தாராளமாகப் பெய்து கொழுந்து விட்டதென்றால் அம்மா துணி காயப்போடும் கொடியை முன்வாசலுக்கு மாற்றிவிடுவார். காரணம், மேலேயிருந்து கொட்டும் புழு எச்சம். காற்றே இல்லாத மதியத்தில் சருகின் மேல் அது விழுகிற ஓசை தூறல் மாதிரியே இருக்கும். அப்புறம் நூல்கள். கிளைக்குக் கிளை பட்டு நூல் விட்டுக்கொண்டு புழுக்கள் தரைக்கு இறங்கும். அந்த வழியாகப் பால் வாங்கப் போய் வந்தால் தலை, காது, சட்டைக் காலர் எங்கும் நூல்தான். கம்பளிப்பூச்சிக்கு இருக்கிற அரிக்கும் முடியெல்லாம் இதற்குக் கிடையாது. ஆனாலும் காலருக்குள் ஒன்று நெளியும்போது இந்த அறிவு எதற்கும் உதவாது.

உங்கள் பக்கம் எப்படி?

நிலம்பூர் மருமகள்:

நான் கூடலூர்க்காரி. நாடுகாணி மலை இறங்கி நிலம்பூருக்கு வாழ வந்தவள். இங்கே தேக்கு ஊரின் பெருமை; 1840களில் மலபார் கலெக்டர் கனோலி துரையும் அவர் கீழிருந்த வன அதிகாரி சாத்து மேனனும் போட்ட தோட்டத்தின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. ஊர்ப் பெருமையைத் தின்கிற பூச்சி என்பதால் இதன் மேல் எல்லோருக்கும் கொஞ்சம் கோபம் உண்டு. எனக்கு ஆர்வம்தான் அதிகம்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளோடு சேர்ந்து இதைக் கண்ணாடி ஜாடியில் வளர்த்துப் பார்த்திருக்கிறோம். தாய் அந்துப்பூச்சி கொழுந்து இலையின் அடியில், நரம்பை ஒட்டி, ஒவ்வொன்றாகத்தான் முட்டை வைக்கிறது. வெள்ளையாக, தட்டையாக இருக்கும், தேடினால்தான் அகப்படும். ஒரு பெண் பூச்சி சராசரியாக 500 முட்டை இடும் என்கிறார்கள். ரெண்டு நாளில் பொரிந்துவிடும். பிறந்த புழுவால் முற்றிய இலையைக் கடிக்க முடியாது, தளிரின் தோலைச் சுரண்டித்தான் தின்னும். மரம் கொழுந்து விடும் நேரம் பார்த்துப் பூச்சி வந்து சேர்வது அதனால்தான். கொஞ்சம் வளர்ந்ததும் இலையின் ஓரத்தைக் கத்தரித்து, மடித்து, நூலால் ஒட்டி, அந்த மடிப்புக்குள் குடியிருக்கும். பிள்ளைகளுக்கு இந்தத் தையல் வேலைதான் ரொம்பப் பிடித்தது.

நிறமும் ஒன்று போல் இருக்காது. கூட்டமில்லாத இடத்தில் வளர்வது பச்சையாக இருக்கும். நெருக்கியடித்து வளர்வது கறுத்துவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒன்றரை அங்குலம் ஆகிவிடும். பிறகு நூல் பிடித்து இறங்கி, சருகுக்கு அடியில் இலைத் துணுக்கையும் மண்ணையும் நூலால் சேர்த்து ஒரு கூடு. ஒரு வாரத்தில் பூச்சி வெளியே வரும். முட்டை தொடங்கிப் பூச்சி வரை மூன்று வாரத்தில் முடிந்துவிடுவதால்தான் ஒரு மழைக்காலத்துக்குள்ளேயே அடுத்தடுத்த தலைமுறைகள் வந்துகொண்டிருக்கின்றன.

பூச்சியை உட்கார்ந்த நிலையில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். முன்சிறகு காய்ந்த இலையின் நிறம். சிறகை விரித்தால்தான் அழகு தெரியும்: பின்சிறகு கறுப்பு, அதில் ஆரஞ்சுப் பட்டைகள். விரித்த அகலமே மூன்று, நாலு சென்டிமீட்டர்தான். இத்தனை பெரிய காட்டை மொட்டையடிப்பது இதுதான் என்றால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:

டீச்சர், எங்கள் வரப்பில் தேக்கு இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டால் உடனே ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஆரியங்காவு அண்ணாச்சி சொல்கிறார். அடிக்க வேண்டுமா, வேண்டாமா?

நிலம்பூர் மருமகள்:

மரம் சாகாது, சில வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும். ஆனால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிலையம் நிலம்பூரின் இளம் தோட்டங்களில் அளந்து பார்த்திருக்கிறது. புழு தின்ற மரங்கள், அடிமரத்தில் சேர்ந்திருக்க வேண்டிய புது வளர்ச்சியில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. இலை போடுவதற்கே சத்து செலவானால் அடிமரம் எப்படிப் பருக்கும்?

மருந்து விஷயம் வேறு. 1960களில் கோன்னிப் பக்கம் விமானத்திலிருந்து தெளித்தே பார்த்திருக்கிறார்கள், புழு ஒழியவில்லை. நம் கண்ணில் படும்போது அது பாதி வயதைத் தாண்டியிருக்கும். உயரமான மரத்துக்கு ஸ்பிரேயர் எட்டுவதற்குள் மண்ணுக்கு இறங்கிவிடும். அதிலிருந்து வரும் பூச்சிகளும் அங்கேயே தங்குவதில்லை, கூட்டமாக வேறு இடம் தேடிப் பறந்துவிடும். நானாக இருந்தால் வரப்பு மரத்துக்குக் காசு செலவு செய்ய மாட்டேன்.

இந்தப் புழுவை மட்டும் தாக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது. நோய் கண்ட புழு தொளதொளத்து, உள்ளே நீராகி, இலையிலேயே தொங்கிச் சாகும். பீச்சிக்காரர்கள் அதையே தெளிக்கும் மருந்தாகத் தயாரித்திருக்கிறார்கள்.

பரம்பிக்குளம் டிரைவர்:

நான் சேத்துமடையிலிருந்து டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன். ஊர் பாலக்காடு மாவட்டம், சாலை தமிழ்நாட்டு வழி. புழு இறங்குகிற சமயத்தில் பறவை பார்க்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். கரிச்சான், மைனா, வால் காக்கை எல்லாம் தேக்குக்குள்ளேயே கிடக்கும். கீழே எறும்பு வேறு. யானை வருமா என்று கேட்கிறவர்கள் இதைப் பார்க்காமல் போகிறார்களே என்று எனக்கு வருத்தம்.

இன்னொன்று. மழைக்காலம் முடிந்த பிறகு தேக்கிலை சல்லடைக் கண்ணாகக் காய்ந்து நிற்பதையும் இதே புழு என்று நினைக்கிறார்கள். அது வேறு பூச்சி. நீங்கள் சொல்லும் புழு கொழுந்தைத் தின்று தடித்த நரம்பை மட்டும் விடும். பின்னால் வருவது முற்றிய இலையில் பச்சையை மட்டும் சுரண்டி, சின்ன நரம்பைக்கூடத் தொடாது. இலை மரத்திலேயே வலையாக நிற்கும்.

நிலம்பூர் மருமகள்:

சரியாகச் சொன்னீர்கள். ஒரு சேதி: ஜாவாவில் இதே பூச்சியின் கூட்டுப்புழுவைச் சருகுக்குள் பொறுக்கி வறுத்துச் சாப்பிடுகிறார்கள். சந்தையில்கூட விற்பனை உண்டு.

ஆரியங்காவுக்காரன்:

எங்கள் வீட்டில் அந்த வேலையைக் கோழிகள் பார்த்துக்கொள்கின்றன. முட்டை மட்டும் எங்களுக்கு.