பொருள்: ஓ.ஆர்.எஸ். – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

தாராவியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். மழை தொடங்கியதும் எங்கள் சந்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. தாய்மார்களுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போக்கில் இழந்த நீரை ஈடுகட்டக் குடிக்கக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலை அதில் ‘வாய்வழி நீரேற்றக் கரைசல்’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன். மடியில் வாடிக் கிடந்த குழந்தைக்குப் பாலாடையில் கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, “ஏற்றுவதற்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?” என்று கேட்டார். ஏற்றுவது என்றால் அவருக்குக் குளுக்கோஸ் பாட்டில்தான். வேறு சொல் தாருங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
அந்த அம்மா கேட்டது சரி. ஊரில் நீரேற்று நிலையம் என்று பலகை பார்த்திருப்பீர்கள். குழந்தையின் வயிறு என்ன மேல்நிலைத் தொட்டியா? ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்கிறது குறள். வற்றிய உடலில் நீர் ஊறவேண்டும். ஆகவே ‘ஊறுநீர்’. வினைத்தொகை, ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என மூன்று காலமும் அடங்கும்.

செம்பூரிலிருந்து:
ஐயா, ஊறுகாயும் அடங்குமே! ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள். பேசாமல் ‘உப்புச் சர்க்கரைக் கரைசல்’ என்று போடுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
உப்பும் சர்க்கரையும் என்ற உம்மைத்தொகையில் ஒற்று (‘ச்’) மிகாது. ‘உப்புச் சர்க்கரை’ என்றால் உப்புக் கரிக்கும் சர்க்கரை. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்ற இடத்தில் ஊறு என்பது தொடுவுணர்வு. ஊற்று, ஊறல், நீர் ஊறும் ஊறணி எல்லாம்...

முலுண்டிலிருந்து (குழந்தை மருத்துவர்):
ஊறணிக்குப் பிறகு போகலாம். ஒற்று மிகாவிட்டாலும் அந்தப் பெயரில் எனக்குத் தயக்கம் உண்டு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கின்றன. உப்பு, சர்க்கரை என்றால் ஆளுக்கொரு கைப்பிடி போடுவார்கள். குடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும், நீர் பின்தொடரும். இனிப்பு மிஞ்சினால் குடல் நீரை வெளியே இழுத்து, போக்கு கூடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2002-இல் அளவைக் குறைத்தது: லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாக. குடிக்கவே முடியாமல் துவண்டால் உடனே ஆஸ்பத்திரி. வங்காளிகள் இதைக் ‘காபார் சலைன்’, அதாவது சாப்பிடும் சலைன் (உப்பு நீர்), என்கிறார்கள். நாமும் ‘குடிக்கும் சலைன்’ என்றால் என்ன?

செம்பூரிலிருந்து:
என் வாக்கு அதற்கே. ‘குடிக்கும் குளுக்கோஸ்’ மட்டும் வேண்டாம். கடையில் டப்பா வாங்கி வந்துவிடுவார்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
ஈராயிரம் ஆண்டு மொழி, போயும் போயும் சலைனிடம் கடன் கேட்கிறதா?

தாராவியிலிருந்து:
அச்சாகிவிட்டது. தலைப்பு ‘ஓ.ஆர்.எஸ். தண்ணீர்’. அதன் கீழே ‘குடிக்கும் சலைன்’. மருந்துக்கடையில் கேட்க முதல் சொல் வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

மாட்டுங்காவிலிருந்து:
காய்ச்சி ஆறியதைத் தண்ணீர் என்பதில் தடையில்லை, தண்மை வந்துவிட்டது. மற்றவற்றுக்கு என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊறணி பற்றித் தனி மடல் வரும்.